கொலாஜன்: மூன்றிழைச் சுருளும் முந்நூறு கிராம் டப்பாவும்

வண்டலூரிலிருந்து வாலாஜாபாத்துக்குப் போகும் சாலையும், சிங்கப்பெருமாள்கோவிலிலிருந்து ஸ்ரீபெரும்புதூருக்குப் போகும் சாலையும் சந்திக்கும் ஒரகடத்தில், பிற்பகல் ஷிப்ட் மாறுகிற வேளையில் கம்பெனிப் பேருந்துகள் வரிசைகட்டி நின்று ஆட்களை இறக்கியும் ஏற்றியும் நகர்ந்த பிற்பாடு, அங்குள்ள மருந்துக் கடைகளில் சற்று நேரம் கூட்டம் கூடும். தலைவலி மாத்திரை, வயிற்றெரிச்சலுக்கு மருந்து, முழங்கால் வலிக்குத் தைலம் என்று கேட்டு வாங்குகிறவர்களுக்கு நடுவே, கண்ணாடி அலமாரியில் வெளிர் நீலமும் ரோஜா நிறமுமாகப் பளபளக்கும் டப்பாக்களைச் சுட்டிக்காட்டி விலை விசாரிப்பவர்களும் இப்பொழுது உண்டு. "அண்ணே, இது மாத்திரையா, சத்து மாவா?" என்று ஒரு பெண் கேட்டால், "மருந்து இல்லம்மா, கொலாஜன் பவுடர். தண்ணியில கலக்கிக் குடிக்கணும். முகத்துக்கும் நல்லது, மூட்டுக்கும் நல்லது" என்று பதில் வரும். அந்தப் பதிலின் முற்பாதி சட்டப்படி முற்றிலும் சரி. பிற்பாதி எவ்வளவு தூரம் சரி என்பதே நாம் விசாரிக்க வேண்டிய விஷயம்.

இருங்காட்டுக்கோட்டையில் 1998-ல் கார் உற்பத்தி தொடங்கிய நாளிலிருந்து, 2010-ல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் ஆலை திறக்கப்பட்டதும், கைப்பேசியும் மின்னணுச் சாதனங்களும் செய்யும் ஆலைகள் அடுத்தடுத்து வந்ததும், இந்த வட்டாரத்தின் ஏரிக்கரைக் கிராமங்களை அடையாளம் தெரியாமல் மாற்றிவிட்டன. வல்லம்-வடகாலில் 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்ட தொழிலாளர் விடுதி ஒன்றில் மட்டும் 18,720 பெண்கள் தங்க இடம் உண்டு. பெரும்பாலும் இருபது வயதை ஒட்டிய இந்தப் பெண்களின் கைப்பேசித் திரையில் நாள்தோறும் வந்து விழும் விளம்பரங்கள், உங்கள் சருமம் இன்றிலிருந்தே தேய்ந்துகொண்டிருக்கிறது என்று பயமுறுத்துகின்றன. லைனில் எட்டு மணி நேரம் நின்று ஓவர்டைமும் பார்த்துவிட்டு வரும் நாற்பது வயதுக்காரரிடம் அவையே, உங்கள் முழங்கால் தேய்கிறது என்று சொல்கின்றன. இருவருக்கும் சிபாரிசு செய்யப்படுவது ஒரே பதார்த்தம்.

இந்தப் பதார்த்தத்தின் அந்தரங்கத்தை உலகுக்கு முதன்முதலில் விளக்கிய இடம், ஒரகடத்திலிருந்து கம்பெனிப் பேருந்திலேயே ஒன்றரை மணி நேரத்தில் போய்ச் சேரக்கூடிய சென்னைக் கிண்டி என்பது இங்கே பலருக்கும் தெரியாத சங்கதி. சர் சி.வி. ராமனின் மாணவரும், அவருடைய சிபாரிசின் பேரில் 1952-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் பௌதிகத் துறைக்குத் தலைவராக வந்தவருமான ஜி.என். ராமச்சந்திரன், அப்போது முப்பது வயதை எட்டிக்கொண்டிருந்த இளைஞர். அங்கு வந்திருந்த பெர்னால் என்ற பிரசித்தி பெற்ற பிரிட்டிஷ் விஞ்ஞானி, கொலாஜன் என்னும் புரதத்தின் அமைப்பைப் பற்றி இதுவரை சொல்லப்பட்ட எதுவும் திருப்திகரமாக இல்லை என்று பேச்சுவாக்கில் சொன்னதைப் பிடித்துக்கொண்டு, கோபிநாத் கர்த்தா என்ற உதவியாளரோடு அவர் அந்தப் புதிரில் இறங்கினார். கங்காருவின் வாலிலுள்ள தசைநாணை எக்ஸ் கதிரின் முன்னே நிறுத்திப் படலத்தில் விழுந்த புள்ளிகளைக் கொண்டு கணக்கிட்டு, மூன்று சங்கிலிகள் சேர்ந்த அமைப்பு இது என்று 1954-ல் 'நேச்சர்' பத்திரிகையில் எழுதினார்கள். மறு வருஷமே, அந்த மூன்றும் ஒன்றையொன்று சுற்றிக்கொண்டு மீண்டும் ஒரு பெருஞ்சுருளாகச் சுருண்டிருக்கின்றன என்று திருத்தியும் எழுதினார்கள். சங்கிலிகளை இணைக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகள் எத்தனை என்பதில் கிரிக், ரிச் என்ற இரு விஞ்ஞானிகள் கிளப்பிய ஆட்சேபம் நியாயமானது. அந்த எண்ணிக்கையில் அவர்கள் சொன்னதே நின்றது. ஆனால் மூன்றிழைச் சுருள் என்ற மூலக்கருத்து சென்னையினுடையது. இரண்டு அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம் என்று அந்தச் சர்ச்சையில் எழுந்த கேள்விக்கு விடை காணப் புகுந்த ராமச்சந்திரன், ராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகியோருடன் 1963-ல் வெளியிட்ட வரைபடத்தைத்தான் இன்றைக்கும் உலகெங்கும் புரத ஆராய்ச்சியாளர்கள் ராமச்சந்திரன் வரைபடம் என்று வழங்குகிறார்கள். பல்கலைக்கழக வளாகத்துக்கு அண்டையில், 1948-ல் நிறுவப்பட்ட மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையத்தின் அரங்கத்துக்கு 'மூன்றிழைச் சுருள்' என்ற பொருளில் ஆங்கிலப் பெயர் வைத்திருப்பது இந்த வரலாற்றை முன்னிட்டே.

தோல் ஆராய்ச்சி நிலையத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். பதப்படுத்தப்பட்ட தோல் என்பதே கொலாஜன்தான். ஆட்டுத்தோலையோ மாட்டுத்தோலையோ சுண்ணாம்பில் ஊறவைத்து, மயிரையும் கொழுப்பையும் நீக்கி, மிஞ்சுகிற நார்களைக் கடுக்காயோ ஆவாரம்பட்டையோ குரோமியம் உப்போ போட்டு ஒன்றோடொன்று பிணைத்துவிட்டால் அது அழுகாது. வாணியம்பாடியும் ஆம்பூரும் ராணிப்பேட்டையும் ஜீவிப்பது இந்தப் பிணைப்பின் பேரில். சென்னைக்குத் தெற்கே ஒரு பெரிய குடியிருப்புப் பகுதிக்கே குரோம்பேட்டை என்று பெயர் வந்தது, குரோமியத்தால் தோல் பதனிட்ட பழைய கம்பெனி ஒன்றினால். பிணைக்காமல் விட்டு வெந்நீரில் கொதிக்க வைத்தால் அதே நார் அவிழ்ந்து ஜெலட்டினாகிவிடும். பழைய தச்சர்கள் நாற்காலிக் காலை ஒட்டுவதற்கு அடுப்பில் உருக்கிய வஜ்ஜிரமும், மருந்துக் குளிகையின் மேலுறையும் இந்த ஜெலட்டினின் அவதாரங்களே.

வீட்டிலேயே இதைக் கண்ணாரக் காணலாம். ஆட்டுக்காலை மயிர் பொசுக்கிச் சுத்தம் செய்து, மிளகும் சீரகமும் தட்டிப் போட்டு, சிறு தீயில் மூன்று நான்கு மணி நேரம் கொதிக்க வைத்த சூப்பை இறக்கி, மீந்ததைக் குளிர்பதனப் பெட்டியில் ஓர் இரவு வைத்துவிட்டுக் காலையில் எடுத்துப் பாருங்கள்: மேலே வெண்ணிறக் கொழுப்பு ஓர் ஏடாகப் படிந்திருக்கும், அதை விலக்கினால் கீழே சூப்பு முழுவதும் கட்டியாகி, பாத்திரத்தைச் சாய்த்தாலும் வழியாமல் தளதளவென்று ஆடிக்கொண்டிருக்கும். கரண்டியால் வெட்டி அடுப்பில் வைத்தால் சில நிமிஷங்களில் மறுபடி நீராகிவிடும். காலிலுள்ள தசைநாணும் தோலும் எலும்பும் வெளியிட்ட கொலாஜன், சூட்டில் சுருள் அவிழ்ந்து, குளிரில் அரைகுறையாக மீண்டும் சுருண்டுகொள்ள முயன்றதன் விளைவு அந்த ஆட்டம். எலும்பு முறிந்தவருக்கு ஆட்டுக்கால் சூப்பு கொடுக்கும் நம் வழக்கத்தை, டப்பாக் கம்பெனிகள் விஞ்ஞானத்தின் பெயரால் தங்கள் சாட்சிக்கு அழைத்துக்கொள்கின்றன.

டப்பாவில் இருப்பது இன்னும் ஒரு படி உடைபட்டது. கேரள அரசின் தொழில் வளர்ச்சிக் கழகமும் ஜப்பானியக் கம்பெனியும் கூட்டாக நடத்திவரும், 1975-ல் தோன்றிய நிட்டா ஜெலட்டின் இந்தியா இத்தகைய சரக்குகளைத் தயாரித்து ஏற்றுமதியும் செய்கிறது. மாட்டெலும்பை நொறுக்கி ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஊறவைத்தால் சுண்ணச் சத்தெல்லாம் கரைந்துபோய், எலும்பின் வடிவத்திலேயே மென்மையான ஓசின் மிஞ்சுகிறது. அதைச் சுண்ணாம்பு நீரில் நாட்கணக்காக வைத்து, பிறகு வெந்நீரில் இறக்கினால் ஜெலட்டின். அந்த ஜெலட்டினை நொதிகளால் துண்டு துண்டாக நறுக்கி உலர்த்தினால், குளிர்ந்த நீரிலும் கரைகிற, கட்டிபிடிக்காத, ஏறக்குறைய ருசியற்ற வெள்ளைப் பொடி. கொலாஜன் பெப்டைடு என்று டப்பாவின் மேல் அச்சிட்டிருப்பது இதைத்தான். மீன் செதிலிலிருந்தும் தோலிலிருந்தும் எடுக்கிற முறைகளைக் கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் வகுத்திருக்கிறது. முழு மூலக்கூறு ஏறக்குறைய மூன்று லட்சம் டால்டன் எடையுள்ளதென்றால், இந்தத் துண்டுகள் பெரும்பாலும் சில ஆயிரம் டால்டனுக்கு மேற்படாதவை. அதாவது, ராமச்சந்திரன் கண்ட சுருள் டப்பாவில் கிடையாது.

ஆனால் நம் சரீரத்தில் அது நிறையவே உண்டு. மனித உடலின் புரதங்களில் கால் பங்குக்கு மேல் கொலாஜன்தான். ஆயிரத்தைச் சுற்றிய எண்ணிக்கையில் அமினோ அமிலங்கள் கொண்ட மூன்று சங்கிலிகள், ஒவ்வொன்றிலும் மூன்றாவது இடந்தோறும் கிளைசின் என்னும் மிகச் சிறிய அமினோ அமிலம். அது அத்தனை சிறியதாக இருப்பதனாலேயே சுருளின் நெருக்கமான மையத்தில் இடம் கிடைக்கிறது; வேறொன்று அங்கே வந்து உட்கார்ந்துவிட்டால் எலும்பு கண்ணாடியாய் ஒடியும் பிறவிநோய் உண்டாகிறது. இப்படிப் பின்னிய மூலக்கூறு ஒன்றின் நீளம் சுமார் 300 நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டருக்குள் மூவாயிரத்துச் சொச்சத்தை நீளவாட்டில் அடுக்கலாம். இருபத்தெட்டு வகைகள் இதுவரை இனங்காணப்பட்டிருக்கின்றன. சருமம், எலும்பு, தசைநாண் ஆகியவற்றில் முதல் வகையும், மூட்டுக் குருத்தெலும்பில் இரண்டாம் வகையும் பிரதானம். சங்கிலியிலுள்ள புரோலின் என்ற அமிலத்தில் ஓர் ஆக்சிஜனைச் சேர்த்து ஹைட்ராக்ஸிபுரோலின் ஆக்கினால்தான் சுருள் உடற்சூட்டில் அவிழாமல் நிற்கும். அந்தச் சேர்க்கையை நடத்தும் நொதிக்கு வைட்டமின் சி இன்றியமையாதது. அது கிடைக்காத பழைய கப்பற்காரர்களுக்கு ஈறு வீங்கி ரத்தம் கசிந்ததும், எப்போதோ ஆறிய காயங்கள் கூடத் திறந்துகொண்டதும், 1747-ல் ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் வைத்தியர் ஆரஞ்சும் எலுமிச்சையும் கொடுத்துக் குணப்படுத்திக் காட்டியதும், புதிய கொலாஜன் உருவாகாமல் போனதன் கதைதான்.

இனி, டப்பாவிலிருந்து ஒரு கரண்டியைத் தண்ணீரில் கலக்கிக் குடித்தால் என்ன ஆகிறது? ஒரகடத்துக் கார் ஆலையின் வாசலில் ஒருவர் நன்றாக ஓடுகிற கார் ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்தி, இதை உள்ளே விடுங்கள், இன்று ஒரு கார் கூடுதலாக வெளிவரும் என்று சொல்வதாக வைத்துக்கொள்வோம். ஆலைக்கு உள்ளே முழு வண்டி போக வழியில்லை. வாசலிலேயே அதை அக்கக்காகக் கழற்றி, போல்ட்டும் நட்டும் தகடுமாகப் பிரித்து ஸ்டோருக்கு அனுப்பிவிடுவார்கள். எந்த நட்டு எந்த வண்டிக்குப் போகிறதென்று கொண்டுவந்தவர் சொல்ல முடியாது. அன்றைக்கு லைனில் எது தேவையோ அதற்குப் போகும். இரைப்பையும் சிறுகுடலும் செய்வது இந்தக் கழற்றும் வேலையையே. கிளைசினும் புரோலினும் ரத்தத்தில் கலந்தபின், அவை சருமத்துக்குப் போகுமா, ஈரலுக்குப் போகுமா, வெறுமனே எரிந்து சக்தியாகுமா என்பதை டப்பாவின் மேலுள்ள பெண்ணின் புகைப்படம் நிர்ணயிப்பதில்லை. ஆயினும் இந்த உவமையை ஒரேயடியாக நம்பிவிடவும் கூடாது. சில போல்ட்டுகள் நட்டோடு ஒட்டியபடியே ஸ்டோருக்குள் போய்விடுகின்றன: புரோலினும் ஹைட்ராக்ஸிபுரோலினும் சேர்ந்த இரட்டைத் துண்டுகள் உடையாமல் மனித ரத்தத்தில் கலப்பதை 2005-ல் ஜப்பானிய ஆராய்ச்சியாளர்கள் கண்டார்கள். உடலின் உயிரணுக்கள் இத்துண்டுகளைக் கண்டு, எங்கோ கொலாஜன் சிதைகிறது என்றெண்ணிப் புதிதாக உண்டாக்க முனையக்கூடும் என்பது ஓர் அனுமானம். ஆய்வுக்கூடத் தட்டில் அதற்குச் சில அறிகுறிகள் உண்டு. அனுமானம் அர்த்தமுள்ளதுதான், நிரூபணம் வேறு.

நிரூபணத்தைத் தேடினால் கிடைப்பது கலவையான சித்திரம். சருமத்தைப் பற்றிய 26 சோதனைகளை, 1,721 பேரின் விவரங்களோடு ஒன்றுதிரட்டி 2023-ல் வெளியான ஆய்வு, தோலின் ஈரமும் நெகிழ்வும் ஓரளவு கூடுவதாகச் சொன்னது. விளம்பரங்கள் அத்தோடு நிறுத்திக்கொள்கின்றன. இரண்டு வருஷம் கழித்து, 23 சோதனைகளையும் 1,474 பேரையும் கொண்டு வெளிவந்த இன்னோர் ஆய்வு, அந்தச் சோதனைகளை யார் பணத்தில் நடத்தினார்கள் என்று பிரித்துப் பார்த்தது. கம்பெனிகள் பணம் கொடுத்தவற்றில் பலன் தெரிந்தது. கொடுக்காதவற்றில் பலன் தெரியவில்லை. தரமாக நடத்தப்பட்டவற்றிலும் தெரியவில்லை. இதைவிடத் தெளிவாக ஒரு சந்தேகத்தை எழுப்ப முடியாது என்பது என் அபிப்பிராயம். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையமும், மூட்டுக்கு நல்லது என்று சொல்லிக்கொள்ள 2011-லும், சருமத்தின் நெகிழ்வுக்கு நல்லது என்று சொல்லிக்கொள்ள 2013-லும் கம்பெனிகள் கேட்டபோது, காரண காரிய சம்பந்தம் நிலைநாட்டப்படவில்லை என்று மறுத்துவிட்டது.

மூட்டு விஷயம் சற்று வேறு. முழங்கால் தேய்மானத்தில் வலி சிறிதளவு குறைந்ததாகச் சில சோதனைகள் சொல்கின்றன. அவற்றில் பல சிறியவை, குறுகிய காலத்தவை. சுருள் அவிழாத இரண்டாம் வகைக் கொலாஜன் என்று, நாளொன்றுக்கு நாற்பது மில்லிகிராம் மட்டும் கொண்ட மாத்திரையும் விற்கிறார்கள். அதன் பின்னுள்ள தத்துவம் எதிர்ப்புச் சக்தியைச் சமாதானப்படுத்துவது, மூலப்பொருள் கொடுப்பதன்று. பத்து கிராம் பொடிக்கும் அதற்கும் பெயரைத் தவிர ஒற்றுமை அதிகமில்லை. ஆனால் மூன்றே மாதத்தில் குருத்தெலும்பு மீண்டும் வளரும் என்று யாராவது சொன்னால், நெதர்லாந்து விஞ்ஞானிகள் 2000-ல் கண்ட ஒரு கணக்கை நினைவில் வைத்துக்கொள்வது நலம். சருமத்திலுள்ள கொலாஜனில் பாதி மாற்றப்படுவதற்குச் சுமார் பதினைந்து வருஷங்களும், குருத்தெலும்பிலுள்ளதில் பாதி மாற்றப்படுவதற்கு நூற்றுப்பதினேழு வருஷங்களும் ஆகுமாம். அதாவது பருவவயதில் உண்டான குருத்தெலும்பைத்தான் பெரும்பாலும் நாம் கடைசிவரை சுமந்து நடக்கிறோம்.

பணத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். நாளொன்றுக்குப் பத்து கிராம் வீதம் முந்நூறு கிராம் டப்பா ஒரு மாதம் வரும். அதன் விலை ஆயிரம் ரூபாய்க்கு மேற்பட்டது. பத்து கிராம் புரதம் என்று டப்பாவில் போட்டிருந்தாலும், டிரிப்டோபான் என்ற அத்தியாவசிய அமினோ அமிலம் கொலாஜனில் அறவே கிடையாது. அதனால் புரதத்தின் தரத்தை அளக்கும் முறைப்படி தனித்த கொலாஜனுக்கு மதிப்பெண் சுழியமே. இரண்டு முட்டையில் பன்னிரண்டு கிராம் புரதம், அதுவும் குறையில்லாத புரதம், இருபது ரூபாய்க்குள் கிடைக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் வகுத்த கணக்கில் வயது வந்தவருக்கு ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் தேவை; ஐம்பத்தைந்து கிலோ எடையுள்ள பெண்ணுக்கு நாற்பத்தாறு கிராம். கேன்டீனில் சோற்றை மட்டும் மலையாகக் குவித்து, பருப்பை ஊற்றியும் ஊற்றாமலும் சாப்பிடுகிற பெண்ணுக்கு முதலில் வேண்டியது அதுதான். வைட்டமின் சி பெண்களுக்கு 65 மில்லிகிராம், ஆண்களுக்கு 80. ஒரு நடுத்தரக் கொய்யாப்பழம் அதற்கு மேல் கொடுத்துவிடும். சுங்குவார்சத்திரம் சந்தைப் பக்கம் தள்ளுவண்டியில் உப்பும் மிளகாய்த்தூளும் தடவிக் கொடுக்கிறார்களே, அந்தக் கொய்யாதான். விடுதிப் பெண்ணொருத்தி சம்பளத்தில் வீட்டுக்கு அனுப்பியது போக மிஞ்சுகிற சொற்பத்திலிருந்து, இருபத்திரண்டு வயதில் இல்லாத குறைக்காக ஆயிரத்தைக் கொடுக்கும்படி அவளை நடுங்க வைப்பதை எந்த வியாபார நியாயத்தாலும் நான் ஒப்புக்கொள்ளத் தயாரில்லை. சரும கொலாஜன் வயதோடு ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு சதவீதம் குறைவது மெய். அதைத் துரிதப்படுத்துகிறவை வெயிலும் புகையிலையும். மாதவிடாய் நின்ற முதல் சில வருஷங்களில் குறைவு இன்னும் வேகமாகிறது. அந்த வயதுப் பெண்களுக்கு இப்பொடியால் ஏதேனும் பிரயோஜனம் உண்டா என்று ஆராய்வதில் அர்த்தமுண்டு.

இவ்வளவுக்குப் பிறகும் வாங்குவேன் என்பவர்களைத் தடுக்கவேண்டியதில்லை. ஆரோக்கியமானவர்களுக்குப் பெரிய தீங்கு விளைந்ததாகச் சோதனைகளில் தெரியவில்லை. டப்பாவைத் திருப்பிப் பார்த்து வாங்கினால் போதும். பதினான்கு இலக்க உரிம எண்ணும், மருத்துவ உபயோகத்துக்கன்று என்ற வாசகமும் அதில் இருக்கவேண்டும். அந்த வாசகம் அச்சிட்ட டப்பாவிலேயே மூட்டுவலி குணமாகும் என்ற தோரணையில் படம் போட்டிருப்பதையும் காணலாம். இராமானுஜர் அவதரித்த ஊரான ஸ்ரீபெரும்புதூரில் சைவ உணவுக்காரர்கள் குறைவில்லை. அவர்கள் அறியவேண்டியது, செடியிலிருந்து கொலாஜன் வராது என்பது. பழுப்புச் சதுரத்துக்குள் பழுப்பு முக்கோணம் இருந்தால் அது மாடோ மீனோ பன்றியோ தந்தது, எது என்று சேர்மானப் பட்டியலில் தேடவேண்டும். பச்சை வட்டமிட்டு விற்பது கொலாஜனை உண்டாக்க உதவுவதாகச் சொல்லப்படும் வைட்டமின், மூலிகைக் கலவையே, கொலாஜன் அன்று. மீன் ஒத்துக்கொள்ளாதவர்கள் கடல் சரக்கைத் தொடலாகாது. சிறுநீரகக் கல் வந்தவர்கள் விசேஷமாக ஜாக்கிரதையாக இருக்கவேண்டும்: ஹைட்ராக்ஸிபுரோலின் உடலில் சிதையும்போது ஆக்சலேட் உண்டாகிறது, அதிக அளவில் ஜெலட்டின் உண்டவர்களின் சிறுநீரில் அது கூடியதை ஆராய்ச்சியாளர்கள் அளந்திருக்கிறார்கள், சித்திரை வெயிலில், இடைவேளை கிடைக்கும்வரை தண்ணீர் குடிக்காமல் நிற்கிற தொழிலாளிக்கு இது அற்ப விஷயமன்று.

லைனில் நின்று நின்று முழங்கால் வலிக்கிறவருக்கு வைத்தியர்கள் முதலில் சொல்வது, தொடையின் முன்தசையை உறுதிப்படுத்தும் பயிற்சியும், கூடுதல் எடையைக் குறைப்பதும், ஒரே காலில் பாரம் போடாமல் மாற்றி நிற்பதுமே. தேய்மானத்துக்கு இவற்றின் பலன் எந்தப் பொடியைக் காட்டிலும் நன்றாக நிரூபிக்கப்பட்டது. காலையில் எழுந்தவுடன் விரல் மூட்டுகள் அரைமணிக்கு மேல் விறைத்திருந்தாலோ, ஒரு முழங்கால் மட்டும் வீங்கிச் சூடாயிருந்தாலோ அது தேய்மானம்கூட அல்லாமல் வாதநோயாக இருக்கலாம்; அப்போது போகவேண்டிய இடம் மருந்துக் கடையல்ல, இ.எஸ்.ஐ. அட்டையை எடுத்துக்கொண்டு டிஸ்பென்சரி.